வராத மீன் வண்டி

"மாமனார் அறையில இருந்தா லேப்டாப்பை மூடுங்க. லேப்டாப் திறந்திருக்கணும்னா மாமனார் வெளியே இருக்கணும். ரெண்டுல ஒண்ணுதான்."

வீடியோ காலில் சடையப்பன் இதைச் சொன்னபோது அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. கம்பெனியின் பாதுகாப்பு அதிகாரி அவர். ஊரடங்கில் சிதம்பரத்தில் சொந்த வீட்டில் முடங்கிக் கிடந்தாலும், கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டுதான் திரையில் வருவார்.

இலக்கியா எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். அவர் மசியவில்லை. அவசரத்துக்கு வீட்டில் வேறு போன் உண்டா என்று மட்டும் கேட்டார். மாமனாரின் நம்பரைக் கொடுத்தாள். குறித்துக்கொண்டு கட் பண்ணிவிட்டார்.

"கல்லுல செஞ்ச மனுசன்" என்று திரையைப் பார்த்து முணுமுணுத்தாள்.

வெளிநாட்டுக்குப் போகும் பீரங்கிப் பாகங்களுக்குப் படம் வரைவது அவள் வேலை. அந்தப் படங்கள் ஆபீஸ் வாசலைத் தாண்டவே கூடாது என்பதுதான் ஆயுத ஏற்றுமதி விதி. கொரோனா வந்து சென்னை ஆபீசை இழுத்துப் பூட்டிய பிறகு விதியைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம். ஆனால் படம் திறந்திருக்கும் அறையில் வேறு ஆள் இருக்கக் கூடாது. வெளிநாட்டுப் பிரஜை அறவே கூடாது. சடையப்பன் நினைத்த நேரத்தில் வீடியோவில் வந்து அறையைச் சுற்றிக் காட்டச் சொல்வார். ஆள் தென்பட்டால் அன்றோடு வேலை போச்சு.

கடலூர் மஞ்சக்குப்பத்தில் அவர்களுக்கு இருந்ததோ ஒரே அறை, ஒரு துண்டுச் சமையற்கட்டு. அந்த அறையில் இடுப்பெலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தார் மாமனார் தங்கராசு.

அவர் பிரெஞ்சுப் பிரஜை.

பிரான்ஸ் எங்கே இருக்கிறது என்று கேட்டால், பாண்டி பஸ் போகும் பக்கம் கை காட்டுவார். அவருடைய அப்பா புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிப்பாயாக இருந்த வகையில் வந்த குடியுரிமை. மற்றபடி காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் மீன் குழம்பு.

"நான் பாத்து வச்சிக்கினு பிரான்சுல பீரங்கிப் பட்டறையா போடப்போறேன்?" என்றார்.

"சிரிக்காதீங்க மாமா. உங்க புள்ள குவைத்துல சம்பளமில்லாம மாட்டிக்கினு இருக்காரு. என் வேலையும் போச்சுன்னா உங்க மாத்திரைக்கு நான் எங்க போவேன்?"

சக்கர நாற்காலியில் வைத்து வாசலில் விட்டால் கொஞ்ச நேரம்தான் தாங்குவார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு முனகுவார். வேறு வழியில்லாமல், அவரைச் சுவர்ப்பக்கம் பார்த்துப் படுக்க வைத்துவிட்டு, படம் வரைந்தாள் இலக்கியா.

இந்த இம்சை போதாதென்று, தங்கராசுவின் போனுக்கு இன்னொரு இம்சை வந்து சேர்ந்தது.

முதல் தடவை ஒரு மீன்காரம்மாவின் குரல். "பெரியவரே, பரங்கிப்பேட்ட கானாங்கெளுத்தி. கண்ணு முழிச்சிப் பாக்குது. வண்டி உங்க தெருமுனைக்கு வந்திடுச்சி, வாசலுக்கு வாங்க."

மீன் வாசம் கண்டு நாளாகியிருந்த தங்கராசு, வலியை மறந்து நாற்காலிக்குக் கை நீட்டினார். படத்தை மூடிவிட்டு அவரைத் தள்ளிப்போய் வாசலில் விட்டாள். வண்டி வரவில்லை. அவள் உள்ளே திரும்பிய கையோடு லேப்டாப்பில் சடையப்பன். அறையைச் சுற்றிக் காட்டினாள். வெறும் கட்டில். பாடலீஸ்வரரை நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அடுத்த வாரம், கபசுரக் குடிநீர் தர ஆள் வருவதாக ஒரு கிழவனார் இருமி இருமிச் சொன்னார். பிறகு மூக்கால் பேசும் சிலிண்டர்காரர். அப்புறம், 'பொதுமக்கள் கவனத்திற்கு' என்று மைக் கரகரக்க அரிசி வண்டி. ஒன்றும் வரவில்லை. சடையப்பன் சோதனைக்கு வந்தபோதெல்லாம் நல்லவேளையாகக் கட்டில் காலி. குரல்தான் மாறியது, நம்பர் மாறவில்லை.

"வீட்டுக்குள்ள அடஞ்சி கெடக்கிற எவனோ வெளையாடுறான் மாமா. இன்னுமா நம்புறீங்க?"

"தெரியுதும்மா. ஆனா ஒருவேள வண்டி நெஜமாவே வந்துட்டா?"

ஒரு நாள் மறுபடி மீன்காரம்மா. இலக்கியா போனைப் பிடுங்கினாள். "நடக்க முடியாத மனுசன வெயில்ல குந்த வச்சி வேடிக்க பாக்குறீங்களே, உங்க வீட்ல பெரியவங்களே இல்லியா?"

அந்த நம்பரை பிளாக் பண்ணிவிட்டு, அன்று முழுக்க மாமனாரை நாற்காலிப் பக்கமே விடவில்லை. அன்று சோதனையும் வரவில்லை.

மறுநாள் காலை லேப்டாப் ஒலித்தது. சடையப்பன். திரையில் படம், கட்டிலில் மாமனார். எடுக்காமல் விட்டாலும் வேலை போகும். எடுத்தாள்.

"அறையைக் காட்டுங்க."

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினாள். சுவரைப் பார்த்துப் படுத்திருந்த தங்கராசு, திரும்பாமலே, "நான் ஒண்ணும் பாக்கல சார்" என்று சுவரிடம் சொன்னார்.



"தப்பு என்னுதுதான் சார்" என்றாள் இலக்கியா. "வேலைய வேணா விட்டுடுறேன். மாமாவ ஒண்ணும் சொல்லாதீங்க."

"இன்னைக்கு நான் சோதனைக்கு வரல. படுத்த படுக்கையா இருக்கிறவங்க எந்த நாட்டுப் பிரஜையா இருந்தாலும், நடுவில் திரை கட்டினா போதும்னு ஒரு வரி சேர்க்கச் சொல்லி, மேலிடத்துக்கு எழுதிக்கிட்டே இருந்தேன். நேத்து சாயங்காலம் அனுமதி வந்திடுச்சு. நல்ல கனமான திரையா பாத்துக் கட்டுங்க. அவர் எங்கேயும் நகர வேண்டாம்."



சடையப்பன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார். அதே விறைத்த முகம், அதே கழுத்துப் பொத்தான். கிளம்பியதோ மீன்காரம்மாவின் குரல்:

"பெரியவரே, உங்க மருமவ என் நம்பர பிளாக் பண்ணிட்டாங்க. எடுத்துவுடச் சொல்லுங்க. ஊரடங்கு முடியட்டும், கானாங்கெளுத்தி நெஜமாவே வரும்."