முப்பத்துமூன்று கிலோ

“நாப்பதுல இருந்தவரு, எட்டே வாரத்துல முப்பத்துமூணு. உண்மையைச் சொல்லுங்கக்கா, சோறு குடுக்கறீங்களா இல்லியா?”

எடை எழுதிய நோட்டை நீட்டியபடியே இளவேனில் கேட்டாள். செஞ்சியில் நடமாட முடியாத முதியவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் நர்ஸ் அவள். கேட்டு முடித்ததும் தன் குரலே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கமர் ஜஹான் சேலைக் கொசுவத்தை இழுத்துச் செருகினாள். வந்ததிலிருந்து இது நான்காவது முறை. எதையோ மறைப்பவளின் கை அது என்று இளவேனிலுக்குப் பட்டது.

கட்டிலில் கிடந்த மாமனார் ஜான் பாஷா குறுக்கே வந்தார். “வேளைக்கு ஊட்டறாம்மா. வேணாம்னாலும் வுட மாட்டா.”

மருமகளுக்குப் பயந்து சொல்கிறாரோ? இளவேனில் அவருடைய மேல்கையை நாடாவால் அளந்தாள். அளவு மாறவில்லை. கன்னமும் ஒட்டவில்லை. நோட்டில் மட்டும் எடை வாரத்துக்கு வாரம் இறங்கிக்கொண்டே இருந்தது. எதை நம்புவது என்று தெரியாமல் நாடாவைச் சுற்றிப் பிரித்தாள், மறுபடி சுற்றினாள்.

“சென்னைலேர்ந்து உங்க கொழுந்தனார் சாஹில் போன் பண்ணாரு. இந்த வாரமும் குறைஞ்சிருந்தா அத்தாவ முதியோர் ஹோம்ல சேத்துடுவேன்னாரு. நான் இன்னா சொல்லட்டும்?”

“என் வூட்டுக்காரர் மௌத்தாகி நான் தனியா நின்னப்பகூட மாமாவ நான் வுடல. நீங்க சொன்னபடி புதன்கிழமைக்குப் புதன்கிழமை எடை பாத்து எழுதறேன். மறைக்க இன்னா இருக்குது?”

“அப்ப என் எதிர்ல பாருங்க.”

கமர் ஜஹான் கட்டிலுக்கு அடியிலிருந்து எடை மெஷினை இழுத்துப் போட்டாள். முதல் நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அதில் ஏறியவரால் இப்போது நிற்க முடியாது. குழந்தையைப் போல அவரை அள்ளிக்கொண்டு தானே ஏறினாள். மூச்சு இரைத்தது.

“வுட்டா கோட்டை மேலயே தூக்கினு போய்டுவா,” என்றார் கிழவர்.

முள் எண்பத்தெட்டில் நின்றது.

“என் எடை அம்பத்தஞ்சு. அதைக் கழிச்சா அதே முப்பத்துமூணுதான்,” என்றாள், தோற்றுப்போனவளாக.

இளவேனில் நோட்டின் முதல் பக்கத்தைப் புரட்டினாள்.

“இந்த அம்பத்தஞ்சு எப்பக்கா பாத்தது?”

“நீங்க மெஷின் குடுத்தீங்களே, அன்னிக்கு.”

“அவரைப் படுக்க வச்சுட்டு நீங்க மட்டும் ஏறுங்க.”

முள் நாற்பத்தெட்டைத் தாண்டவில்லை.

“மாமா குறையவே இல்லக்கா. குறைஞ்சது நீங்க.”