பற்றறிச் சிக்கனம்

மருதனார்மடத்துச் செவிப்புலன் நிலையத்தின் ஆண்டுவிழாவுக்கு இராசநாயகம்தான் பிரதம விருந்தினர். காதுக்கருவி அணிந்த இருபது பிள்ளைகளுக்கும் தன் கையாலேயே கருவிக்கு மின்சாரம் தரும் பற்றறிப் பெட்டிகளைக் கொடுத்தார்.

"தேவையில்லாத நேரத்திலை கருவியை நிப்பாட்டி வைக்கோணும். பற்றறியை வீணாக்கக் கூடாது, விளங்குதோ?"

"ஓம், ஐயா!"

பிறகு ஒலிவாங்கியைப் பிடித்தவர், தன் பள்ளிக்கூடப் பரிசுகளில் தொடங்கி இலண்டன் பயணம் வரை எதையும் விட்டுவைக்கவில்லை. ஒன்றேகால் மணி நேரம். பெற்றோர் கொட்டாவி விட்டார்கள். நிலையத் தலைவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிள்ளைகள் மட்டும் ஆடாமல் அசையாமல் அவர் முகத்தைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார்கள்.

இராசநாயகத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. இறங்கியதும் ஆசிரியை தக்சாயினியைப் பிடித்துக்கொண்டார்.

"ரீச்சர், முப்பது வருசமா மேடையிலை பேசுறன். இப்பிடி ஒரு சபையைக் காணேல்லை. உவையளைப் பார்த்துப் பெரிய ஆக்கள் படிக்கோணும்!"

முன்வரிசையிலிருந்த ஆரணியின் கன்னத்தைத் தட்டினார். "என்ன பிள்ளை, ஐயா சொன்னபடி நடப்பியோ?"

ஆரணி காதுக்குப் பின்னால் விரலை வைத்து அழுத்தினாள்.

"இன்னொருக்காச் சொல்லுங்கோ, ஐயா."

அவர் சொன்னார்.

"ஓம், ஐயா. நீங்கள் பேசத் துவங்கின உடனையே நாங்கள் எல்லாரும் நிப்பாட்டிப்போட்டம்."