மீன் சிக்காததற்கு மூன்று காரணங்கள்

"மீன் சிக்காததுக்குக் காரணம் மொத்தம் மூணு. மூணையும் இன்னிக்கு ப்ரொபஸர் முன்னால பிட்டுப் பிட்டு வைக்கப் போறேன், பாரு."

கழுத்து டையை இறுக்கிக்கொண்டே ரகுநாதன் சொன்னான். அடுப்பில் உப்புமா கிளறிக்கொண்டிருந்த கிரிஜாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"ஜன்மத்துல மீனை வாயில வச்சதில்லை. நீங்க மீனுக்கு வக்கீலா?"

"வக்கீல் இல்லைடி, டாக்டர். இன்னும் ரெண்டு வருஷத்துல டாக்டர் ரகுநாதன்."

அந்த இரண்டு வருஷம்தான் இன்றைக்கு ஊசலாடிக்கொண்டிருந்தது. மதராஸிலிருந்து உதவித்தொகையில் ஜெர்மனியின் ஹாம்பர்க்குக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. ஊருக்கு வெளியே ஆராய்ச்சி நிலையத்துக்குச் சொந்தமாக ஓர் ஏரி. அதில் பார்ஷ் என்று உடம்பெல்லாம் கறுப்பு வரி போட்ட மீன். கோடை முழுக்கச் சனிக்கிழமைகளில் உள்ளூர்த் தூண்டில் சங்கத்துக்காரர்கள் வந்து பிடிக்கலாம். கரையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, அவர்கள் பிடித்ததை எண்ணிக் குறித்துக்கொள்வது ரகுநாதனின் வேலை.

போன வருஷம் நாலாயிரம் மீன். 1969ஆம் வருஷக் கோடையில் இவன் உட்கார்ந்து எண்ணியது முந்நூற்றுப் பதினொன்று. சங்கத்திலிருந்து கடுதாசி வந்துவிட்டது. அதில் ஒரே ஒரு வரிதான்: 'இந்தக் கோடை எங்களுக்கு ஏன் மீன் இல்லை?'

சரியான காரணம் சொன்னால் உதவித்தொகை நீளும். சொல்லாவிட்டால் டிசம்பரில் பட்டமும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல் பெட்டியைக் கட்டவேண்டியதுதான்.

"எங்கே, எனக்குச் சொல்லுங்கோ. ஒத்திகையா இருக்கட்டும்," என்றாள் கிரிஜா.

"ஒண்ணு, மே மாசம் பூராவும் குளிர். தண்ணி சூடாகலைன்னா மீனுக்குப் பசிக்காது. ரெண்டாவது, மூணு வருஷத்துக்கு முன்னாடி பொறந்த குஞ்சு பாதி பிழைக்கலை. அதுதான் இந்த வருஷம் தூண்டிலுக்கு வர்ற சைஸ். மூணு, மீனையே தின்கிற மீன் ஏரியில ஜாஸ்தியாயிடுத்து."

"அப்போ அந்தச் சோடாபுட்டிக் கண்ணாடித் தாத்தா மட்டும் வாராவாரம் கூடையை ரொப்பிண்டு போறார்ங்கறேளே?"

"அது அவர் யோகம். ரூல்படி எல்லாரும் முதல்ல என்கிட்ட வந்து பர்மிஷன் கேக்கணும். இவர் கேக்கறதே இல்லை, நேரா போய் உக்காந்துடுவார். வயசானவராச்சேன்னு விட்டுட்டேன்."

"மத்தவாளெல்லாம்?"

"ஒழுங்கா வந்து கேப்பா. நானும் ஒருத்தருக்கும் இல்லைன்னதில்லை. ஆனா என்ன ஆறது? என் மூஞ்சியைப் பாப்பா, தண்ணியைப் பாப்பா, பெருமூச்சு விடுவா, சைக்கிள்ல ஏறிப் போயிடுவா. எல்லாம் பழம் தின்னு கொட்டை போட்ட ஆட்கள். தண்ணியைப் பாத்தே இன்னிக்குக் கடிக்காதுன்னு தெரிஞ்சுடறது. இதையும் ரிப்போர்ட்ல சாட்சியா சேத்திருக்கேன்."

"ஜெர்மன்லயா பேசப்போறேள்?"

"கேட்டா எல்லாம் புரியறது. பேசத்தான் நாக்கு எழும்பலை. ப்ரொபஸர் இங்கிலீஷ் நன்னாவே பேசுவாராம். நீ கவலைப்படாம உப்புமாவைப் போடு."

பேராசிரியர் லிண்டமன் ஒரு வருஷம் நார்வேயில் இருந்துவிட்டுப் போன வாரம்தான் திரும்பியிருந்தார். ரகுநாதன் அவரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அவர் அறையில் இன்னொருவரும் இருந்தார். தூண்டில் சங்கத்துச் செயலாளர் க்ரோகர். சனிக்கிழமை தவறாமல் ஏரிக்கு வருகிற ஆள். ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது. தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

ரகுநாதன் எழுந்து நின்றான். முதல் இரண்டு வாக்கியம் கொஞ்சம் தடுமாறியது. அப்புறம் பிடித்துக்கொண்டான். குளிருக்கு ஒரு வரைபடம், செத்துப்போன குஞ்சுகளுக்கு ஒரு வரைபடம், தின்கிற மீனுக்கு ஒரு வரைபடம். குறுக்கே கேட்ட கேள்விக்கெல்லாம் கேட்ட மாத்திரத்தில் பதில் சொன்னான்.

"தண்ணீரைப் பார்த்ததுமே திரும்பிப் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, எத்தனை பேர்?" என்றார் பேராசிரியர்.

"கோடை முழுக்கச் சேர்த்தால் அறுநூற்று நாற்பது பேர், ஸார். எல்லோரையும் கணக்கு வைத்திருக்கிறேன்."

"பிரமாதம். இவ்வளவு கவனமாக ஏரியைப் பார்த்தவரை நான் கண்டதில்லை." அவர் ஒரு தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "இன்னும் இரண்டு வருடம் இங்கேயே இருந்து பட்டத்தை முடிக்கிறீர்களா? சம்மதம் என்றால் இப்போதே கையெழுத்துப் போடுகிறேன்."

ரகுநாதனுக்கு வந்த சந்தோஷத்தில் இங்கிலீஷும் வரவில்லை, ஜெர்மனும் வரவில்லை. வாயெல்லாம் பல்லாக, பலமாகத் தலையை ஆட்டினான்.

பேராசிரியரின் முகம் வாடிவிட்டது. பேனாவை மூடிச் சட்டைப்பையில் சொருகினார். "உங்கள் இஷ்டம். நான் வற்புறுத்தமாட்டேன்," என்றவர், க்ரோகர் பக்கம் திரும்பி ஜெர்மனில் சொன்னார்: "இருக்கச் சொன்னேன். முடியாது என்கிறார்."

"எனக்கு ஆச்சரியமே இல்லை, பேராசிரியரே," என்றார் க்ரோகர். "சனிக்கிழமை தவறாமல் 'தூண்டில் போடலாமா?' என்று நாங்கள் கேட்டோம், இவரும் இதே சிரிப்போடு தலையை இடமும் வலமுமாக ஆட்டி, 'கூடாது' என்று எங்கள் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்."