மூணு கண்ணாடி ஜன்னல்

“என் பேரு ராம்கி, வயசு இருபத்தாறு, கனடாவுல வின்னிபெக்ல இருந்து பேசுறேன். நல்லா இருக்கியாம்மா?”

அவன் சொல்லச் சொல்ல போன் அதை எழுத்தாக்கியது. வழக்கம்போல் ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு அனுப்பினான்.

வாடிப்பட்டி ஆஸ்பத்திரியிலிருந்து அக்கா நாகஜோதியின் குரல் பதிவு உடனே வந்தது.

“ஏண்டா, கோர்ட்டுல சாட்சி சொல்றவன் மாதிரியே ஆரம்பிக்கிற! ஆனா அம்மாவுக்கு அதான் வேணும். வார்டு பூரா கேக்குற மாதிரி வாசிக்கச் சொல்லுது. பக்கத்துப் பெட்டு அக்கா கேக்குது, அம்புட்டுக் குளிர்ல எப்பிடி வீடு கட்டுவாங்கன்னு.”

வேலையைப் பற்றிப் பேசினால் ராம்கிக்குப் பதற்றம் கொஞ்சம் அடங்கும்.

“சுவரு ஒன்றரை அடி கனம்க்கா. உள்ள பஞ்சு மாதிரி ஒண்ண வச்சு அடைச்சிருவோம். ஜன்னலுக்கு மூணு அடுக்குல கண்ணாடி. ஊசி நுழையச் சந்து இருக்கக் கூடாது. உள்ள இருக்க சூடு வெளிய போகாது, கரண்டு பில்லு பாதிகூட வராது. வெளிய எவன் கத்துனாலும் உள்ள கேக்காது.”

“அதான் சத்தமே கேக்காதுல்ல, அப்ப ஒரு போனைப் போட்டுப் பேச வேண்டியதுதானே! ஒரு வருசமா வெறும் எழுத்துதான் வருது. நாளைக்கு ஆபரேஷன்டா. உள்ள போறதுக்கு முன்னாடி உன் குரலை ஒரு தடவ கேக்கணுமாம்.”

“இங்க நடுராத்திரிக்கா. கூட இருக்கவங்க தூங்குறாங்க.”

“என்னமோ போ. தெரு முக்குல ஊரே சேந்து உனக்குக் கட்டுன ‘கனடா செல்லும் தங்கமே’ ப்ளெக்ஸு, அதுல உன் மூஞ்சியே வெளுத்துப்போச்சு. அம்மா அதைத்தான் தெனமும் போய் பாத்துட்டு நிக்கும்.”

ராம்கி போனை வாய்க்கு அருகில் கொண்டுவந்தான்.

“மன்னிச்சிரும்மா. ஒன்னைய விட்டுட்டு வந்தது தப்பு. பக்கத்துல இருந்தா இந்நேரம் ஓடி வந்திருப்பேன். பயப்படாமப் போயிட்டு வா.”

கண்ணைத் துடைத்துக்கொண்டே, படித்துப் பார்க்காமல் அனுப்பிவிட்டான்.

பிறகுதான் அனுப்பியதை எடுத்துப் படித்தான். கடைசி வரி அவன் சொன்னதில்லை: ‘சமயநல்லூர் வாடிப்பட்டி ஏறு ஏறு.’

ப்ளெக்ஸ் கட்டிய வாரமே விசா கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அதை ஊரில் சொல்ல வெட்கப்பட்டு, மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், கனடா வீடுகளுக்குப் பிளான் வரையும் ஓர் ஆபீஸில் ஒளிந்துகொண்டவன், கண்டக்டர்களின் கூச்சல் நுழையும், சரியாகச் சாத்தாத ஒற்றைக் கண்ணாடி ஜன்னலை வெறித்துப் பார்த்தான்.

போன் அதிர்ந்தது. இந்த முறை அம்மாவின் குரல்.

“அந்த பஸ்லயே ஏறி வந்துருய்யா.”