துறையூரிலிருந்து ஒரே ஒரு புகார்

"மறுபடியும் அந்த அம்மாவா?"

அன்புச்செல்வன் கேட்டதும், ஆபீஸில் புகார்களைக் கேட்டுக்கொள்ளும் ஸஹ்ரா போனைக் கையால் பொத்திக்கொண்டு தலையாட்டினாள்.

திருச்சி தில்லை நகரில் இருந்தது அவனுடைய கம்பெனி. சின்னக் கடைகளின் கம்ப்யூட்டர்களுக்காகத் தமிழிலேயே ஓர் ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்து விற்றார்கள். புது வெர்ஷனில், வாயால் சொன்னாலே பில் தயாராகிவிடும். ஸ்ரீரங்கத்துப் பூக்கடை முதல் லால்குடி அரிசி மண்டி வரை எல்லோரும் பாராட்டினார்கள். துறையூரில் விதைக்கடை வைத்திருக்கும் செல்லக்கிளி மட்டும் நாள் தவறாமல் புகார் சொன்னாள்.

"இன்னிக்கு என்னவாம்?"

"பிரின்டர் வேலை செய்யலையாம் சார். நேத்து, திறக்கவே அரை மணி நேரம் ஆகுதுன்னாங்க. முந்தாநாள் ஸ்கிரீன் கறுத்துப்போச்சாம்."

"ஒரே கம்ப்யூட்டருக்குத் தினம் ஒரு நோயா? எந்தக் காலத்துப் பெட்டியோ! மாத்த மனசு வரலை பாரு."

அவனுக்கும் அலுத்துவிட்டது. புதிதாக எதைச் சேர்த்தாலும், அது பழசிலும் ஓடுமா என்று பார்ப்பதிலேயே பாதி நாள் போனது. அடுத்த மாதத்தோடு பழைய கம்ப்யூட்டர்களுக்கான சேவையைக் கைகழுவுவதென்று முடிவு செய்திருந்தான்.

"பழசு வச்சிருக்கிறவங்க பாவம் சார்."

"மொத்தம் எத்தனை பேர் புகார் பண்ணியிருக்காங்க?"

"இவங்க ஒருத்தர்தான்."

"அப்புறம் என்ன? அவங்களுக்கு நாமே புதுசா ஒண்ணு கொடுத்துடுவோம். பிரச்சினை முடிஞ்சுது. போட்டோ எடுத்துப் பேப்பர்லயும் போடலாம்."

மறுநாளே காரில் கிளம்பினார்கள். துறையூர் போய்ச் சேரும்வரை, தன் பெருந்தன்மையை நினைத்து அன்புச்செல்வனுக்கே மனசு நெகிழ்ந்தது.

புதுக் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்குள் நுழைந்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"மக்காச்சோள விதை, ரெண்டு பை," என்றாள் செல்லக்கிளி. எதிரே பளபளவென்று இருந்த புதுக் கம்ப்யூட்டரில் பில் ஓடியது.

வந்திருப்பது யாரென்று ஸஹ்ரா சொன்னதும் செல்லக்கிளி எழுந்தே விட்டாள்.

"வாங்க, வாங்க! இந்தப் பேசுற வசதியைக் கொண்டு வந்த புண்ணியவான் நீங்கதானா? இதை மட்டும் எடுத்துடாதீங்க தம்பி!"

அவனுக்குச் சுர்ரென்று ஏறியது. "இவ்வளவு புதுசை வச்சுக்கிட்டு, ஏம்மா ஆறு மாசமா எங்க உயிரை எடுக்கறீங்க?"

"என் கம்ப்யூட்டர்னு நான் எப்பச் சொன்னேன்? பிரின்டர் வேலை செய்யாதது எதிர் உரக்கடையில. ஸ்கிரீன் கறுத்தது ஜெராக்ஸ் கடையில. இந்த பஜார்ல நாற்பத்து மூணு பேர்கிட்ட பழசுதான். உங்களுக்குப் போன் போட்டா, மாடல் என்ன, மெமரி எவ்வளவுன்னு கேக்கறீங்களாம். பயந்துபோய் வச்சுடறாங்க. எனக்குத்தான் வாய் இருக்கே, நான் பேசினேன்."

அன்புச்செல்வனுக்குப் பெட்டி கையில் கனத்தது.

"அது என்னம்மா?" என்று ஸஹ்ராவிடம் கேட்டாள் செல்லக்கிளி.

"புதுக் கம்ப்யூட்டர்ங்க. பழசுக்குப் பதிலா..."

செல்லக்கிளியின் முகம் மலர்ந்தது. விறுவிறுவென்று வாசலுக்கு வந்து தெருவை எட்டிப் பார்த்தாள்.

"மீதி நாற்பத்திரண்டும் பின்னாடி லாரியில வருதா தம்பி?"