பச்சை பாய்ந்த சிப்பி

“இதை உங்க வீட்டுப் பிள்ளைக்குக் குடுப்பீங்களா?”

சிப்பிப் பண்ணைக்காரர் ஓட்டைப் பிளந்து மேசை நடுவில் வைத்தார். வெள்ளையாக இருக்க வேண்டிய சதை பாசி நிறத்தில் கிடந்தது.

துறைமுக அலுவலகத்தின் அந்தச் சிறிய அறையில் ஐந்து பேர். மேசையின் தலைப்பக்கம் பொறியாளர். அவருக்கு வலப்புறம், மின்விசிறிக் காற்று நேராக விழும் இடத்தில், மரக் கான்ட்ராக்டர். எதிரே, சிப்பியையும் தண்ணீரையும் சோதித்த பெண் அதிகாரி, மடியில் கோப்போடு. கதவோரம் பண்ணைக்காரர், அவருக்குப் பின்னால் நாற்காலி நுனியில் தம்பி. பண்ணையில் தண்ணீரில் இறங்கிப் பாடுபடுவது தம்பி. கரையில் நின்று பேசுவது அண்ணன்.

புதுப் படகுத்துறைக்குக் கான்ட்ராக்டர் நட்டது, புழு அரிக்காமலிருக்கச் செம்பும் ஆர்சனிக்கும் ஏற்றிய மரத்தூண்கள். அந்த மருந்து கசிந்துதான் சிப்பி கெட்டது என்று மூன்று மாதமாக அலைகிறார் பண்ணைக்காரர். வாங்க வந்தவர்களெல்லாம் முகம் சுளித்துக்கொண்டு போய்விட்டார்கள். இந்தப் பருவமும் போனால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

சிப்பியில் இரண்டு நஞ்சும் இருப்பது உண்மை என்று ஒப்புக்கொண்டார் அதிகாரி. “ஆனா தூணுக்குப் பத்தடி தள்ளினாலே தண்ணி சுத்தமா இருக்கு சார். உங்க பண்ணை அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கு. அவ்வளவு தூரம் எப்படி...”

“நீரோட்டம்னு ஒண்ணு இருக்கும்மா. கோப்புக்குள்ள அது தெரியாது.”

தம்பி அண்ணனின் சட்டையைத் தொட்டான்.

“சும்மா இருடா. தண்ணிக்கு அடியில மூடின வாயை இங்கயும் மூடிக்க.” பொறியாளர்கூடச் சிரித்துவிட்டார்.

விசாரணைக் குழு போடலாம், ஆறு மாதம் பார்க்கலாம் என்று பொறியாளர் மழுப்பிப் பார்த்தார். பண்ணைக்காரர் பிடி கொடுக்கவில்லை. தலைமை அலுவலகத்துக்கு இன்றே கடிதம் போக வேண்டும். மருந்து மரத்தைப் பிடுங்க வேண்டும். நட்டவன் ஐந்து வருஷம் இந்தக் கடலில் தொழில் செய்யக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றார்.

அதுவரை வாய் திறக்காத கான்ட்ராக்டர் மெல்ல நிமிர்ந்தார். “தாராளமா எழுதுங்க. எனக்கு இங்க வேலை முடிஞ்சுது. என் பேரை மட்டும் போடாம, இந்தக் கடல்ல மருந்து மரம் நட்டவர் யாராயிருந்தாலும்னு பொதுவா எழுதிடுங்க.”

பெயரில் என்ன இருக்கிறது என்று பண்ணைக்காரர் சம்மதித்தார். ஒருமுறை போனால் திரும்பப் பெற முடியாது என்று பொறியாளர் எச்சரித்தும் கையெழுத்துப் போட்டார். உறையின் வாயைத் தானே ஒட்டி, கட்டைவிரலால் இருமுறை அழுத்தித் தேய்த்தார். தபால் வண்டி வாசலைத் தாண்டும்வரை பார்த்து நின்றுவிட்டுத் தம்பி பக்கம் திரும்பினார்.

“இப்பச் சொல்லு. என்னமோ சொல்ல வந்தியே?”

தம்பி தரையைப் பார்த்தபடி சொன்னான். “போன வருஷம் சிப்பி தொங்கவிடுற பந்தலுக்குக் கால் மாத்தினேன்லண்ணே, இருபத்து நாலும்... அது படகுத்துறையில மிஞ்சின தூணு. கான்ட்ராக்டர் சார்தான் சும்மா எடுத்துட்டுப் போன்னாரு.”