காற்று புகாத அறை

மாடி அறையில் மட்டும் புகை அசையவில்லை.

முன்வாசலில் பெரிய விசிறியைப் பொருத்தி வீட்டுக் காற்றை வெளியே இழுத்துக்கொண்டிருந்தேன். அப்படி இழுத்தால், எங்கே இடுக்கு இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே பாயும். கையிலிருக்கும் புகைக்குச்சி அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சமையலறையில் புகை கலைந்தது. கூடத்தில் கலைந்தது. படிக்கட்டில் நிற்கவே இல்லை.

கிளேஸ் பே என்ற இந்தக் கடலோர ஊரில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளுக்காகக் கட்டிய வீடுகள் எல்லாம் இப்படித்தான். நூறு வருஷத்து மரம். எதையும் எரிக்காமல் வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே இழுத்துத் தரும் ஹீட் பம்ப், இந்த மாதிரி வீட்டுக்குச் சரிப்படுமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை.

எவரெட்டும் ஜனெல்லும் வசந்தத்தில்தான் வீட்டை வாங்கியிருந்தார்கள். ஜனெல்லுக்கு இது எட்டாம் மாதம். மாடி அறையில் பாதி பூட்டிய தொட்டில் கிடந்தது.

எவரெட் ஜன்னலோரப் பலகையை நெம்பிக் காட்டினான். உள்ளே செய்தித்தாளும் கந்தல் துணியும், விரல் நுழைய இடமில்லாமல்.

“எவனோ சரியான வேலைக்காரன். இப்ப மட்டும் கிடைச்சான்னா மொத்த வீட்டையும் அவன்கிட்டயே விட்டுடுவேன்.”

நான் பலகையை அழுத்தி மூடினேன். அப்போதுதான் மூலையில் இருந்த மண்ணெண்ணெய் ஹீட்டரைப் பார்த்தேன். புகைபோக்கி இல்லாத வகை.

“இது எதுக்கு இங்க?”

“புயல்ல கரண்ட் போனா உங்க பம்ப் தூங்கிடும். என் பிள்ளை குளிர்ல விறைக்கணுமா? மாமா வீட்டுலேர்ந்து கேட்டு வாங்கிட்டு வந்தேன்.”

“இந்த அறையில இதைப் பத்த வைக்காதீங்க எவரெட். விஷவாயு இங்கயே நிக்கும். வாசனைகூட வராது.”

“ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வெச்சுக்கிறோம்.”

“புயல்ல யாரும் திறக்க மாட்டாங்க!”

நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. தொட்டில் கட்டையைப் பொருத்திக்கொண்டிருந்த ஜனெல்லின் கை அப்படியே நின்றது.

குரலை இறக்கிக்கொண்டு சொல்ல வேண்டியதைச் சொன்னேன். வீடு ஹீட் பம்புக்குச் சரிப்படும். கீழே இருக்கிற இடுக்குகளை அடைக்க வேண்டும். கரண்ட் போனால் சமையலறை விறகடுப்பை மூட்டி, எல்லோரும் கீழேயே படுத்துக்கொள்ளலாம். அதற்குப் புகைபோக்கி இருக்கிறது. மாடி அறைச் சுவரில் மட்டும் காற்று வந்துபோக ஒரு துளை போட வேண்டும்.

எவரெட் சிரித்தான். “ஓட்டையை அடைக்க வந்தவங்க ஓட்டை போடச் சொல்றீங்களே!”

ஜனெல் சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அதை வெளிய கொண்டு போய் வை,” என்றாள் அவனிடம்.

அவன் முணுமுணுத்தபடி ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினான். காலடிச் சத்தம் அடங்கியதும் அவள் மெதுவாகக் கேட்டாள்.

“இதை அடைச்சவரை உங்களுக்குத் தெரியும், இல்ல?”

“தெரியும். எண்பத்தேழு, பிப்ரவரி. புயல் வருதுன்னு ரேடியோவுல சொன்னாங்க. பகல் முழுக்க உக்காந்து அடைச்சார். பிள்ளைங்களுக்குக் குளிரக் கூடாதுன்னு.”

நான் படிவத்தில் ‘தகுதியானது’ என்ற கட்டத்தில் குறியிட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

அன்று அப்பாவுக்குத் துணியைக் கிழித்துக் கிழித்துக் கொடுத்தது நான்தான். எனக்கு ஒன்பது வயது. தம்பி டேனிக்கு ஆறு.

ராத்திரி தலை வலிக்கிறது என்று அம்மாவிடம் படுத்துக்கொள்ள நான் கீழே இறங்கினேன். மூலையில் மண்ணெண்ணெய் ஹீட்டர் எரிய, டேனி அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனம் வரவில்லை.

குளிர் உள்ளே போகாமல் கதவை நன்றாகச் சாத்திவிட்டு வந்தேன்.